அப்பாவின் வாட்ச்சுக்குப் பாலிஷ் போடாதீர்கள்

1979-இல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தைக் கடிகாரப் பிரியர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். கேப்டன் வில்லார்டாக வரும் மார்ட்டின் ஷீன் கையில் சீகோ 6105 என்ற ஜப்பானிய டைவர் வாட்ச். கர்னல் கர்ட்ஸாக வரும் மார்லன் பிராண்டோ கையில் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர். பிராண்டோவின் வாட்ச்சில் கண்ணாடியைச் சுற்றி இருக்கவேண்டிய பெசல் வளையம் இல்லை. படப்பிடிப்பில் அந்த வாட்ச் பார்வையைத் திருப்பும் என்று பேச்சு வந்ததும் அவர் பெசலைக் கழற்றிவிட்டார். பின்மூடியில் தன் பெயரைத் தானே கோணல்மாணலாகக் கீறியும் வைத்திருந்தார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் அந்த வாட்ச்சை ஏலம் விட்டது. பெசல் இல்லாமல், கீறலோடு, அப்படியே. போன விலை 19,52,000 டாலர்.

ஏலத்துக்கு அனுப்புமுன் யாராவது ஒரு நல்ல மனிதர் புதுப் பெசல் மாட்டி, பின்மூடியைப் பஃபிங் செய்து ‘பளபள’வென்று ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ரகத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் இன்னொரு ரோலெக்ஸாகத்தான் அது மேடை ஏறியிருக்கும்.

நம் அப்பாக்கள் பிராண்டோ அல்ல. ஆனால் கப்பல் வேலைக்குப் போனவர்கள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்கள் வீட்டு பீரோவைத் துழாவினால், கைக்குட்டையில் சுற்றிய கனத்த ஸ்டீல் வாட்ச் ஒன்று அகப்படுவதுண்டு. பல வீடுகளில் அது சீகோவாக இருக்கும். சில வீடுகளில் ஓமேகா. 1976-இல் சந்தைக்கு வந்து 1980-களின் பிற்பகுதிவரை உற்பத்தியான சீகோ 6309-7040 அந்த வகையில் ஒன்று. 150 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதிய, நான்கு மணிப் பக்கம் கிரௌன் என்ற திருகு வைத்த, உருண்டு திரண்ட உடல்வாகு. அந்த உடல்வாகுக்காகவே சேகரிப்பாளர்கள் அதை ‘ஆமை’ என்கிறார்கள். இன்று உலகம் முழுக்க அதைத் தேடுகிறார்கள். 2016-இல் சீகோவே அதே தோற்றத்தில் புதிதாக ஒன்றைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

அப்படியொரு வாட்ச் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோவது. கடைக்காரர் லூப் என்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “மிஷின் சூப்பரா இருக்கு சார். டயல்தான் மங்கிப்போச்சு, ரேடியம் போயிடுச்சு. டயல் மாத்தி, கேஸுக்கு பாலிஷ் போட்டுட்டா புதுசாயிடும்.” அவர் ஏமாற்றவில்லை. அவரிடம் வரும் பத்தில் ஒன்பது பேர் கேட்பது அதைத்தான். ஆனால் இந்த மூன்று வாக்கியங்களும் தலைகீழாக இருக்கவேண்டியவை. ‘சூப்பராக’ இருக்கும் மிஷினைத்தான் முதலில் பிரிக்கவேண்டும். மங்கிய டயலையும், உலோக உடலான கேஸையும் தொடவே கூடாது.

ஏன் என்பதற்கு விடை இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. ஒரு வாட்ச்சில் சில பொருள்கள் தேய்ந்து தீர்வதற்கென்றே வைக்கப்பட்டவை: எண்ணெய், ரப்பர் வளையங்கள், மெயின்ஸ்பிரிங். இவற்றை மாற்றினால் மதிப்பு குறையாது, மாற்றாவிட்டால்தான் குறையும். மற்றவை அந்த வாட்ச் எப்போது பிறந்தது, எங்கே வாழ்ந்தது என்பதைத் தம்மேல் எழுதிக்கொண்டவை: டயலின் வண்ணம், முள்ளின் ஒளிப்பூச்சு, கேஸின் விளிம்பு, பெசலின் சாயம். இவற்றில் நடக்கும் மாற்றங்களைத் திருப்ப முடியாது. போனது போனதுதான்.

‘ரேடியம் போயிடுச்சு’ என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில்தான் அறிவியல் அதிகம், ஆபத்தும் அதிகம்.

1960-களின் தொடக்கம்வரை வந்த பல டைவர் வாட்ச்சுகளில் நிஜமாகவே ரேடியம் பூசினார்கள். ரேடியம்-226 வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் கூடவே கலந்திருக்கும் துத்தநாக சல்ஃபைடு படிகங்களில் மோதும்; படிகம் பச்சையாக ஒளிரும். வெளிச்சம் காட்டவேண்டியதில்லை, இரவெல்லாம் மின்னும். இந்தக் கலவையை அமெரிக்காவின் நியூஜெர்சியில் தூரிகையால் டயல்களில் பூசிய இளம்பெண்கள், நுனி கூராக இருக்கத் தூரிகையை உதட்டில் வைத்து நீவினார்கள். தாடை எலும்பு அழுகி, இரத்தசோகை கண்டு பலர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டோடு முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்ட வரலாற்றில் அது முக்கியமான வழக்கு.

அந்தக் கால டயல் இன்று இருட்டில் மின்னுவதில்லை. ‘ரேடியம் போய்விட்டது’ என்று நினைக்கிறோம். உண்மையில் ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள். 1955-இல் பூசியதில் கிட்டத்தட்ட 97 சதவீதம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஓய்வில்லாமல் விழுந்த அடிகளால் நொறுங்கிப்போனது துத்தநாக சல்ஃபைடு படிகம். விளக்கு அணைந்துவிட்டது, நெருப்பு அணையவில்லை. அந்தப் பூச்சைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறேன் என்று ஒருவர் உட்கார்ந்தால், சுரண்டிய தூள் காற்றில் ஏறி அவர் நுரையீரலுக்குள் போகும். கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆல்ஃபா துகள் வெளியே வராது. ஆனால் ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயு கசியும். 2018-இல் பிரிட்டனின் நார்த்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பழைய வாட்ச்சுகள் 30 அடங்கிய ஒரு சேகரிப்பை ஆராய்ந்தார்கள். அவற்றை வைத்திருந்த இடத்தின் ரேடான் அளவு, அந்நாட்டில் பாதுகாப்பானது எனப் பரிந்துரைத்த அளவைப்போல 134 மடங்கு. ஒரே ஒரு வாட்ச் வைத்திருப்பவர் நடுங்கவேண்டியதில்லை. காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவதும், வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம்.

1960-களில் ரேடியத்தின் இடத்தைப் பிடித்தது டிரிட்டியம். இது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். இதன் பீட்டா துகளுக்கு வாட்ச் கண்ணாடியைத் தாண்டும் வலுவில்லை. சுவிஸ் வாட்ச் என்றால் ஆறு மணிக்குக் கீழே ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ‘டி’ எழுத்து இருக்கும். அதுதான் டிரிட்டியத்தின் அடையாளம். இதன் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள் மட்டுமே. 1975-இல் பூசியதில் இன்று எஞ்சியிருப்பது ஆறு சதவீதம் அளவுக்கே. இதில் படிகத்தைவிடக் கதிர்தான் முதலில் சோர்ந்துபோகிறது. பிறகு 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமே இல்லாத லூமினோவாவைக் கொண்டுவந்தது. யூரோப்பியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் அது. பகலில் வாங்கிய வெளிச்சத்தை இரவில் மணிக்கணக்கில் திருப்பித் தரும். 1990-களின் இறுதிக்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இதற்கு மாறிவிட்டன.

இந்தக் கால வரிசை தெரிந்தவருக்கு ஒரு டார்ச் லைட் போதும். 1970-களின் வாட்ச் என்று சொல்லி விற்கிறார்கள். டார்ச் அடித்து அணைத்ததும் முள்ளும் புள்ளிகளும் பளீரென்று பச்சையாக, வெகுநேரம் ஒளிர்கின்றன. அப்படியானால் அந்தப் பூச்சு பிற்காலத்தது. டயலில் புள்ளிகள் பாலாடை நிறத்துக்கு மாறியிருக்க, முள்ளில் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தால், முள்ளை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில், ஒரே கலவையால் பூசி, ஒரே கண்ணாடிக்குள் வயதானவை ஒன்றாகத்தான் நிறம் மாறும். இந்த ஒற்றுமையைத்தான் சேகரிப்பவர் காசு கொடுத்து வாங்குகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய நிறுவனங்கள் புத்தம்புது வாட்ச்சிலேயே செயற்கையாகப் பழுப்பு நிற ஒளிப்பூச்சு பூசி, ‘பழைய களை’ என்று கூடுதல் விலைக்கு விற்கின்றன. பீரோவில் கிடக்கும் அசல் பழுப்பை நாம் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

பூச்சு உதிர்கிறதே, என்ன செய்வது? முள்ளின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு துளி தெளிவான பசைக்கரைசலை உறிஞ்சவிட்டு, உதிரும் தூளை அதே இடத்தில் நிலைப்படுத்தத் தெரிந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இதுதான் சரியான பழுதுபார்ப்பு. உதிர்ந்த தூள் பற்சக்கரங்களுக்குள் விழுவதும் இதனால் நிற்கும்.

டயலும் இதே கதைதான். பித்தளைத் தகட்டின்மேல் வண்ணம், அதன்மேல் அச்சு, மேலே மெல்லிய லாக்கர். அந்த எழுத்துகள் கைபட்டால் அழியும் அளவுக்கு மென்மையானவை. சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்தால் நிறுவனத்தின் பெயரே பஞ்சில் வந்துவிடும். 1950-60-களின் கறுப்பு டயல்கள் சில, புற ஊதாக் கதிரும் வெப்பமும் பட்டுச் சாக்லேட் பழுப்பாக மாறிவிட்டன. அன்று அது தயாரிப்புக் குறை. இன்று ‘டிராப்பிகல் டயல்’ என்று பெயர் சூட்டி, கறுப்பாகவே இருக்கும் டயலைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். அலுமினியப் பெசலின் சாயமும் இப்படித்தான் வெளிறும். கறுப்பு சாம்பலாகும், கருநீலம் வானநீலமாகும். ஆக, டயல் மங்கிவிட்டது என்பது குறை சொல்லும் வாசகமா, விலையேற்றும் வாசகமா என்பது அதைப் பார்ப்பவரைப் பொறுத்தது. ஈரம் புகுந்து பூஞ்சையும் துருவும் எழுத்தை மறைக்கும் அளவுக்குத் தின்றுவிட்ட டயல் மட்டும் வேறு ரகம். அதை மாற்றலாம். மாற்றிய பிறகும் பழையதைப் பத்திரப்படுத்தவேண்டும்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. பழைய சீகோ 5, எச்.எம்.டி. வாட்ச்சுகளின் டயலை அழித்து, நிறுவனம் ஒருநாளும் தயாரிக்காத கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் புது டயல் அடித்து இணையத்தில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். கேலிப் பெயர்தான். அந்த வாட்ச்சுகள் ஓடும், நேரம் காட்டும், பார்க்கவும் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். சேகரிப்பு மதிப்பு மட்டும் இருக்காது.

இனி பாலிஷ். ஸ்டீலை யாரும் தேய்த்துப் பளபளப்பை ‘வெளியே கொண்டுவருவது’ இல்லை. மேலே இருக்கும் ஸ்டீலை அரைத்து எடுக்கிறார்கள். கீழே புதிதாகத் தெரியும் பரப்புதான் பளபளக்கிறது. ஒரு கீறலை முழுக்க நீக்கவேண்டும் என்றால், கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் இறக்கவேண்டும். சமதளத்தில் இதனால் பெரிய சேதம் தெரியாது. ஆனால் சுழலும் பஃபிங் சக்கரத்தின் துணி மெத்தென்றது. விளிம்பு வந்தால் வளைந்து இரண்டு பக்கமும் உராயும். எனவே விளிம்புதான் முதலில் கரைகிறது. 6309-இன் கேஸைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேற்பரப்பு நுண்கோடுகள் விழுந்த பிரஷ் வேலை. பக்கவாட்டு கண்ணாடிப் பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் ஒரு கூர்மையான கோடு இருக்கவேண்டும். அந்தக் கோடு மழுங்கியிருந்தால் முன்பே யாரோ கைவைத்துவிட்டார்கள். நம் பழைய கோயில்களில் திருப்பணி என்று மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கல்தூண்களைச் சுத்தம் செய்தார்களே, அழுக்கோடு சிற்பத்தின் இமைக்கோடும் விரல்நகமும் போனதே, அதே சங்கதிதான் இது.

அழுக்கை எடுப்பது வேறு, உலோகத்தை எடுப்பது வேறு. மிஷினைக் கழற்றிவிட்டு வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்பிரஷால் தேய்க்கலாம், அல்ட்ராசானிக் தொட்டியில் போடலாம். பெசலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் வியர்வையும் தோலும் தூசியும் கலந்த கறுப்புக் களிம்பு மொத்தமும் வெளியேறும். பாதிப் பேர் ‘பாலிஷ் தேவை’ என்று நினைத்தது உண்மையில் இந்த அழுக்கைப் பார்த்துத்தான்.

இந்தக் களிம்பை எடுப்பதற்கு அழகைத் தவிர வேறு காரணமும் உண்டு. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும் ஆக்சைடு படலத்தால். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் நொடியில் மீண்டும் மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் எட்டாத இடுக்கில், உப்பு தங்கினால்தான் வம்பு. பின்மூடி ரப்பருக்கு அடியில் வியர்வையின் குளோரைடு படலத்தை ஓரிடத்தில் உடைக்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் அது மூடிக்கொள்வதில்லை. கரையும் உலோக அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அந்தக் குழிக்குள் அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சுமையைச் சமன்செய்ய இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொண்டே போகும். வெளியே பளபளக்கும் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தால், ரப்பர் உட்காரும் பள்ளம் அரித்துக் கிடப்பது இதனால்தான். அங்கே புது ரப்பர் போட்டாலும் தண்ணீர் நிற்காது. இந்த ஓர் இடத்தில் லேசர் வெல்டிங்கால் குழியை நிரப்பி மட்டமாக்குவது நியாயமான வேலை. கண்ணுக்குத் தெரியாத இடம், வாட்ச்சின் உயிருக்குத் தேவையான இடம்.

உள்ளே இருக்கும் மிஷினுக்கு வருவோம். 6309 மணிக்கு 21,600 துடிப்பு துடிக்கும். நாளுக்கு 5,18,400. ஆண்டுக்கு ஏறக்குறைய 19 கோடி. இந்தத் துடிப்பைத் தாங்குவது மாணிக்கக் கல்லில் போட்ட துளைக்குள் சுழலும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவேயான எஃகு அச்சுமுனை. அதற்கும் கல்லுக்கும் நடுவே நுண்புழை விசையால் நிற்கும் துளி எண்ணெய். அந்தத் துளி ஆண்டுகள் செல்லச்செல்ல ஆவியாகும், பரவி ஓடும், ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகும். காய்ந்த எண்ணெயோடும் வாட்ச் ஓடும். அதுதான் வஞ்சகம். ‘ஆட்டினா ஓடுது, நல்லாத்தான் இருக்கு’ என்று தினமும் கட்டிக்கொண்டு போகிறோம். உலோகத் துகள் கலந்த பிசின் அரைப்பசையாகி அச்சுமுனையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். புது எண்ணெய்க்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்; தேய்ந்த அச்சுக்கு அசல் உதிரிபாகம் தேடுவது பெரும்பாடு.

ஆகவே பல ஆண்டுகள் சும்மா கிடந்த வாட்ச் கைக்கு வந்தால், அதை ஓடவிட்டுச் சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் அசைத்து, நொடிமுள் நகர்கிறதா என்று பார்த்தால் போதும். 6309-இல் கிரௌனைத் திருகினால் சாவி ஏறாது. அது பழுது இல்லை, அமைப்பே அப்படி. கையின் அசைவில்தான் ரோட்டார் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். கிரௌனை முன்பின் தெரியாமல் பலமாக இழுப்பதும் வேண்டாம். உள்ளிருக்கும் தண்டு துருப்பிடித்திருந்தால் முறிந்துவிடும். முழு சர்வீஸ் என்பது மிஷினைக் கடைசித் திருகுவரை பிரித்து, கழுவி, இடத்துக்கேற்ற எண்ணெய் இட்டு, மீண்டும் கூட்டுவது. பின்மூடியைத் திறந்து பெட்ரோலில் முக்கியெடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை.

ஓடும் வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்துகிறதா? பதறவேண்டாம். ஹேர்ஸ்பிரிங் காந்தமேறிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். காந்தநீக்கியில் சில நொடிகள். செலவும் இல்லை, சேதமும் இல்லை.

டைவர் வாட்ச் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கடலில் பத்து மீட்டர் இறங்க, ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 150 மீட்டரில் 15 மடங்கு. முப்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு ஏழு சதுர சென்டிமீட்டர். அதன்மேல் அந்த ஆழத்தில் நூறு கிலோவுக்கு மேல் எடை அழுத்தும். கண்ணாடியும் எஃகும் இதைப் பல தலைமுறை தாங்கும். தாங்காதது ரப்பர். இளமையில் ரப்பர் வளையம் நசுங்கினாலும் மீண்டெழும், அந்த மீளும் விசைதான் இடுக்கை அடைக்கிறது. ஆக்சிஜனும் வெப்பமும் பட்டு ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடக்கூட அது இறுகும். நசுங்கிய வடிவத்திலேயே உறையும். கடைசியில் நொறுங்கும், அல்லது தாராய்ப் பிசுபிசுக்கும். முப்பது நாற்பது ஆண்டு ரப்பரோடு உள்ள வாட்ச்சுக்கு 150 மீட்டர் என்ன, குழாயடியில் கை கழுவுவதுகூட ஆபத்து. வெந்நீர்க் குளியல் இன்னும் மோசம். உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறும்; குளிரும்போது சுருங்கி, நீராவியை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை கண்ணாடிக்குள் பனி.

எல்லா ரப்பர்களையும் மாற்றச் சொல்லுங்கள். பின்மூடிக்கு ஒன்று, கிரௌனுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. மாற்றியபின் அழுத்தச் சோதனை. முதலில் உலர் சோதனை: காற்றழுத்தத்தில் கேஸ் மைக்ரான் அளவில் நசுங்குகிறதா, நசுங்கியது அப்படியே நிற்கிறதா என்று கருவி பார்க்கும். தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அதன்பிறகுதான். டைவர் வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம் 1982-இல் வந்தது. எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கவேண்டும் என்பது அதன் விதி. நம் வாட்ச் அந்தச் சோதனையில் தேறினாலும் கடலுக்குள் கொண்டுபோகத் தேவையில்லை என்பது என் கட்சி. மழையில் நனைந்தால் பயமில்லாமல் இருக்கவேண்டும், அதற்குத்தான் இத்தனையும். முத்துக்குளிக்க இன்று ஆயிரம் புது வாட்ச் கிடைக்கும்.

இனி பாகங்கள். எந்தப் பாகம் அசல் என்று தெரியாமல் எதையும் மாற்றச் சம்மதிக்கக்கூடாது. தெரிந்துகொள்வது கடினமில்லை, சீகோவில் இன்னும் எளிது. பின்மூடியில் இருக்கும் 6309-7040 என்ற எண்ணில் முதல் நான்கு இலக்கம் மிஷின், அடுத்த நான்கு கேஸ். டயலின் அடிவிளிம்பில், லூப் வைத்தால்தான் தெரியும் பொடி எழுத்தில், மிஷின் எண்ணோடு தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். இரண்டும் முரண்பட்டால் டயல் வேறு எங்கிருந்தோ வந்தது. வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 78 என்று தொடங்கினால் ஏழில் முடியும் ஓர் ஆண்டின் ஆகஸ்ட். 1977-ஆ, 1987-ஆ என்ற குழப்பத்தை அப்பாவின் பாஸ்போர்ட் முத்திரைதான் தீர்க்கவேண்டும். இந்த மாடலுக்குச் சந்தையில் போலி டயலும் போலி முள்ளும் போலிப் பெசலும் கொட்டிக்கிடக்கின்றன. கடைக்காரர் ‘புதுசு இருக்கு’ என்று எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் அவற்றில் ஒன்று.

அதிகாரபூர்வ சர்வீஸ் மையங்களில் வேறு ஆபத்து. அவர்கள் கோணத்தில் நல்ல சர்வீஸ் என்றால் வாட்ச் புதியதாகத் திரும்பவேண்டும். அதனால் பல ஆண்டுகளாக டிரிட்டியம் டயலை எடுத்துவிட்டு லூமினோவா டயல் மாட்டுவதும், கேஸைப் பாலிஷ் செய்வதும் நடந்துவந்திருக்கிறது. உரிமையாளரும் மகிழ்ந்து வாங்கிப்போயிருக்கிறார்.

பாகங்களை மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓமேகாவின் கதை ஒன்று. 2021 நவம்பரில் ஜெனிவாவில் 1957-ஐச் சேர்ந்த ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பழுப்பேறிய டிராப்பிகல் டயலோடு, 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. அந்த ரகத்தில் அதுவரை யாரும் கேட்டிராத விலை. அது பல வாட்ச்சுகளின் பாகங்களைக் கோத்து உருவாக்கிய ஒட்டுவேலை என்று 2023-இல் தெரியவந்தது. வாங்கியது யார் தெரியுமா? தன் அருங்காட்சியகத்துக்காக ஓமேகா நிறுவனமே. தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கும் இதில் பங்கு உண்டு என்று நிறுவனமே சொன்னது. தயாரித்தவர்களே ஏமாறும் துறை இது. உங்கள் அப்பா கடையில் வாங்கி, அவர் கையிலேயே இருந்து, உங்கள் கைக்கு வந்த வாட்ச்சுக்கு உள்ள பெரிய பலம், நடுவில் யாரும் நுழையவில்லை என்பதுதான். அதை ஒரு மதிய நேரத்தில் கடையில் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் வாட்ச்சை எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். விளிம்பு, பின்மூடி எண், டயலின் ஒவ்வொரு புள்ளி, ஸ்டிராப்பின் கொக்கிவரை. பழைய பில், கியாரண்டி அட்டை, அப்பா அதைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படம் இருந்தால் வாட்ச்சோடு சேர்த்து வையுங்கள்; விற்க வரும் நாளில் இவைதான் பேசும். ஆட்டோமேட்டிக் மிஷினை முழுக்கப் பிரித்துக் கூட்டிய அனுபவம் உள்ள, பழைய வாட்ச்சுகளையே பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள். ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார், பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர். வாயால் சொன்னது போதாது, வேலைச்சீட்டில் எழுத்தில் வாங்குங்கள்: டயல், முள், பெசல் தொடக்கூடாது, கேஸ் கழுவலாம், பாலிஷ் கூடாது, ரப்பர்கள் எல்லாம் புதிது, மிஷின் முழு சர்வீஸ், எந்தப் பாகத்தை மாற்றுவதானாலும் முன்கூட்டியே போனில் கேட்கவேண்டும். கண்ணாடியில் ஆழமான கீறல் இருந்தால் மாற்றலாம். அதனால் மதிப்பு பெரிதாகக் குறைவதில்லை, பழையதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

வாட்ச்சைத் திரும்ப வாங்கும்போது கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு சிறு உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய ரப்பரைத் தவிர எதையும் குப்பையில் போடவேண்டாம்.